சாக்குத் துணியும் புது இன்ஜினும்

நவம்பர் 24, திங்கள். அரியலூர்.

விடிந்ததிலிருந்து தூறல். அறைக்குள் கயிறு கட்டித் துணி காயப் போட்டிருக்கிறேன். எல்லாம் ஈர நாற்றம்.

வாங்க வேண்டியது: கொசுவர்த்தி. பேனா. அண்ணன் நம்பருக்கு ரீசார்ஜ் (அவன் கேட்க மாட்டான்).

இன்று மீட்டிங். ஆலையின் புது டீசல் ரயில் இன்ஜின் விவகாரம். கொள்முதல் மேலாளர், இனி இந்த நோட்டில் கொ.மே. முழுப் பெயர் எழுத எனக்கு இஷ்டமில்லை. வெள்ளைச் சட்டை, வேட்டி, நாலு விரலில் மோதிரம். சென்னையிலிருந்து எம்.டி. நேரில் வருகிறாராம். கடைசிச் சோதனை ஓட்டம். அதில் இன்ஜின் தேறிவிட்டால், அதே ரகத்தில் இன்னும் இரண்டு வடக்கேயிருந்து வந்து இறங்கும். அண்ணன் மேலிருக்கிற விசாரணையும் முடிந்துவிடும். எப்படி முடியும் என்றும் கொ.மே.யே சொன்னான்.

"வண்டி நல்ல வண்டிதான், ஓட்டுனவன்தான் சரியில்லைன்னு எம்.டி. கண்ணால பாத்துடுவார்ல. அத்தோட ஃபைல க்ளோஸ் பண்ணிடலாம்."

நான் அதே மேசையில் உட்கார்ந்திருந்தேன். சேகர் என் அண்ணன் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. டீ வந்தது. பிஸ்கட் வந்தது. கொ.மே. டீயில் முக்கிய பிஸ்கட் உடைந்து உள்ளே விழுந்தது. இன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம்.

அண்ணனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. ஐப்பசி மழையில், அதே புது இன்ஜினில், சிமெண்ட் ஏற்றின வேகன்களோடு ஆலையிலிருந்து கீழே இறக்கத்தில் வந்தான். பிரேக் போட்டான். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. தண்டவாளத்தின் மேல் அப்படியே வழுக்கிக்கொண்டு போய், கீழே தடம் முடிகிற இடத்துத் தடுப்பில் இடித்தது. ஒரு வேகன் தடம் புரண்டது. அண்ணனுக்கு மேல் உதடு கிழிந்து தையல். கொ.மே. எழுதிக் கொடுத்தது: செல்போன் பேசிக்கொண்டு ஓட்டினான். போன் அன்றைக்குச் சார்ஜ் இல்லாமல் பெட்டிக்குள் கிடந்தது. யார் கேட்டார்கள்?

நவம்பர் 26, புதன்.

மழை விட்டது. சேறு விடவில்லை.

காலையில் தடத்துக்குப் போனேன். ரயில் பிரிவில் உதவிப் பொறியாளர் என்பது என் வேலையின் பெயர். ஒப்பந்தம்தான், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். மெயின் லைனிலிருந்து ஆலைக்கு வரும் எங்கள் தடத்தில் ஒரு நீண்ட ஏற்றம் இருக்கிறது. நிலக்கரி அதில்தான் மேலே ஏற வேண்டும், சிமெண்ட் அதில்தான் கீழே இறங்க வேண்டும். தண்டவாளத்தில் எப்போதும் சிமெண்ட் தூசி படிந்திருக்கும். அதன்மேல் பனியோ தூறலோ விழுந்தால் கஞ்சிப் பசை மாதிரி ஆகிவிடும்.

அதனால்தான் தினமும் முதல் வண்டிக்கு முன்னால் சின்னப்பொண்ணு அக்காவும் ராணியும் ஆளுக்கொரு பக்கத் தண்டவாளத்தைச் சாக்கு போட்டுத் துடைத்துக்கொண்டே ஏற்றம் முழுக்க நடப்பார்கள். எந்த விதிமுறையிலும் இல்லாத வேலை. ஒப்பந்தத் துப்புரவு என்ற பேரில் நடக்கிறது. இரண்டு பழைய இன்ஜின்களும் யானை மாதிரி. துடைக்காவிட்டாலும் முக்கி முனகி ஏறிவிடும். துடைத்தால் நல்லது, அவ்வளவுதான்.

புதுசு அப்படி இல்லை. இன்ஜின் இழுப்பது மோட்டாரால் மட்டும் இல்லை, எடையாலும்தான். எடை சக்கரத்தை அழுத்தினால்தான் தண்டவாளத்தில் பிடி கிடைக்கும். இதை ஆர்டர் போடும் முன்பே மீட்டிங்கில் சொன்னேன். இந்த ரகம் எடை குறைவு, சமதளத்துக்குச் சரி, நம் ஏற்றத்துக்குப் பத்தாது என்று. கொ.மே. சிரித்தான்.

"ஏம்மா, எடை குறைஞ்சா டீசல் மிச்சம். வூட்டுல அரிசி மூட்டை தூக்கிப் பாத்த கணக்கெல்லாம் இங்க பேசக்கூடாது."

சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். அட்சய திருதியையன்று ஜோசியர் குறித்துக் கொடுத்த நேரத்தில் ஆர்டரில் கையெழுத்துப் போட்டான்.

இன்று சின்னப்பொண்ணு அக்காவிடம் கேட்டேன், அண்ணன் இடித்த அன்றைக்கு ஏன் துடைக்கவில்லை என்று. தெரிந்த பதில்தான், திரும்பவும் கேட்க வேண்டும் போல இருந்தது.

"எங்கம்மா தொடைக்கிறது? கெஸ்ட் ஹவுஸ்ல ஆரோ வராங்கன்னு உங்க கொள்முதல் சாரு எங்கள பாத்ரூம் கழுவக் கூட்டியாரச் சொல்லிட்டாரு. நான் சொன்னேன், தூறல் போடுது, தண்டவாளம் கெடக்குதே சார்னு. 'உனக்கு நான் சொல்ற வேலையா, நீ சொல்ற வேலையா'ன்னாரு."

இதை விசாரணையில் சொல்ல அக்கா தயார். அவரைக் கூப்பிடவே இல்லை.

நவம்பர் 29, சனி. வேப்பந்தட்டை.

பெரம்பலூர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். அங்கே பழைய பஸ் ஸ்டாண்டில் மாறி ஊருக்கு. வழியெல்லாம் மக்காச்சோளம் ரோட்டிலேயே காய்கிறது. ஈரத்தில் எங்கே காயும்?

அண்ணன் கூலிக்குச் சோளத்தட்டை அறுக்கப் போயிருக்கிறான். சாயங்காலம் வந்தான். கையெல்லாம் கீறல். உதட்டுத் தழும்பு இன்னும் சிவப்பாக இருக்கிறது. பேசும்போது வாயைக் கையால் மறைக்கப் பழகிக்கொண்டான். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் மாவட்டத்தில் ரயில் தடமே கிடையாது. இவன் இன்ஜின் ஓட்டுகிறான் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தது. வெங்காயம் ஆய்கிற இடத்தில் இப்போது பெண்கள் கேட்கிறார்களாம், "என்னா, ஒம்மவன் ரயிலு லீவா?" என்று. அம்மா "ஆமா, பெரிய லீவு" என்று சொல்லிவிட்டு வெங்காயத்தைப் பார்த்துக் குனிந்துகொள்ளுமாம். கண்ணீருக்குக் காரணம் கையிலேயே இருப்பது வசதி.

சாப்பிடும்போது அண்ணனிடம் எம்.டி. வருவதைச் சொன்னேன்.

"எப்ப ஓட்டுறாங்க?"

"அடுத்த வெள்ளிக்கிழமை, பதினோரு மணிக்கு."

"பதினோரு மணிக்கா? அப்ப ஏறிடும். வெயிலு ஏறி தண்டவாளம் காஞ்சிருக்கும். பொண்டுவ ரெண்டு பேரும் முன்னாடியே தொடச்சிருப்பாங்க. சும்மா ஜம்முனு ஏறும்." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "என் கதை முடிஞ்சிது."

"முடியாது."

"நீ ஒன்னும் பண்ணாத அமுதா. ஒனக்காவது வேல இருக்கட்டும்."

விசாரணை அறைக்கு வெளியே கேட்டதை அவனிடம் நான் சொல்லவே இல்லை. கொ.மே. உள்ளே சொல்லிக்கொண்டிருந்தான்: "ஒரே வூட்டுல ரெண்டு பேருக்கு வேல குடுத்தா இப்படித்தான். நேத்து வரைக்கும் அடுத்தவன் களத்துல நெல்லு தூத்துனவனுங்க, இன்னைக்கு இன்ஜின்ல ஏறி நிக்கிறானுங்க." கதவு திறந்துதான் இருந்தது. நான் நிற்பது தெரிந்துதான் சொன்னான்.

மன்னிப்பு கேட்டால் போதும் என்று ஒரு காலத்தில் நினைத்தேன். இப்போது போதாது. அவன் அசிங்கப்பட வேண்டும். பகலில், ஆட்கள் நடுவில், அவனே வைத்த பந்தலில்.

டிசம்பர் 1, திங்கள். அரியலூர்.

பஸ்ஸில் ஜன்னல் சீட். யோசிக்க நேரம் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி என்றால் ராகுகாலம். எம்.டி. ஆபீசில் யாரோ கார் வந்து சேரும் நேரம் பார்த்துக் குறித்திருக்கிறார்கள். கொ.மே. கவனிக்கவில்லை. தினமும் நாள்காட்டித் தாளைக் கிழித்து, நல்ல நேரம் பார்த்து, அப்புறம்தான் நாற்காலியில் உட்காருகிறவன். இதைக் கவனிக்காமல் விட்டது எம்.டி. வருகிற பரபரப்பில்தான்.

மதியம் கேண்டீன். கொ.மே. இரண்டு மேசை தள்ளி. அக்கவுண்ட்ஸ் கவிதாவிடம் நான், கொஞ்சம் உரக்க:

"வெள்ளிக்கிழமை பூசைக்குப் பூ சொல்லியாச்சா? பதினோரு மணிக்குன்னாங்க."

"பதினொண்ணா? ஏய், ராகுகாலம்டி அது. பத்தரைலேருந்து பன்னெண்டு."

"அப்படியா? எனக்கெங்க தெரியும் அதெல்லாம்."

கொ.மே.யின் கரண்டி பாதியில் நின்றது. ரசத்தைக் குடிக்காமல் எழுந்து போனான்.

கவிதா பாவம், ஒன்றும் அறியாதவள். அவளுக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கித் தர வேண்டும்.

டிசம்பர் 2, செவ்வாய்.

வானம் வெளுத்துவிட்டது. விடியற்காலையில் நல்ல பனி. தெருமுனை தெரியவில்லை. இந்தப் பனியை இவ்வளவு ஆசையாக நான் பார்த்ததே இல்லை.

கொ.மே. காலை முழுக்கப் போனில். ஜோசியர், எம்.டி.யின் உதவியாளர், மறுபடி ஜோசியர். வேறு நாள் கிடையாது. எம்.டி.க்கு அந்த ஒரு நாள்தான், விட்டால் மார்கழி வந்துவிடும். மார்கழியில் புது வண்டிக்குப் பூசை போட மாட்டான், தலையை வெட்டினாலும் மாட்டான். பன்னிரண்டுக்கு மேல் எம்.டி.க்குத் திருச்சியில் வேலை. ஒன்பது மணிக்கு வைக்கலாமே என்று யாரோ கேட்டார்கள். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

"ஒம்பதெல்லாம் சுமார்தான். ஜோசியர் சொல்லிட்டாரு, சுக்கிர ஓரை. காலைல ஆறு டூ ஏழு. எம்.டி. முந்தின நாளே கெஸ்ட் ஹவுஸ்ல தங்கிக்கிறாரு. ஆறரைக்கு இன்ஜின் நகந்துடணும்."

ஆறரை. பனி தண்டவாளத்தில் கஞ்சி கட்டியிருக்கும் நேரம்.

ஆனால் சந்தோஷப்பட முடியவில்லை. சின்னப்பொண்ணு அக்கா வழக்கம்போல ஐந்தரைக்கே துடைத்துவிட்டால்? துடைத்த தண்டவாளத்தில் புதுசும் ஏறிவிடும். அக்காவிடம் போய்த் துடைக்காதீர்கள் என்று நான் சொல்ல முடியாது. சொன்னால் பழி அவர்கள் தலையில் விழும், வேலை போகும். இந்த ஒரு விஷயத்தில் நான் கறாராக இருக்க வேண்டும். நான் பழி வாங்குவதற்கு அவர்களை விலையாகக் கொடுக்கக் கூடாது.

என்ன செய்வது என்று தெரியவில்லை. தலைவலி. இரவு வெறும் தோசை.

டிசம்பர் 3, புதன்.

கார்த்திகை தீபம். வீட்டுக்கார அம்மா என் அறை வாசலிலும் இரண்டு விளக்கு வைத்தார். பொரி உருண்டை கொடுத்தார். பல் ஆடுகிற அளவுக்குப் பாகு.

பாலு அண்ணன்தான் வெள்ளிக்கிழமை ஓட்டப் போகிறார். அண்ணனுக்கு வேலை கற்றுக் கொடுத்தவர். இரண்டு பெண் பிள்ளைகள். தடத்தில் தனியாகப் பிடித்தேன்.

"அண்ணே, விடிகாலையில ஓட்டுறீங்க. பனி."

"தெரியும் புள்ள."

"ஏத்தத்துல பாதியில நின்னுட்டா..."

"நின்னா பின்னாடி வரும். வந்தா சமதளத்துல தானா நிக்கும். அதுக்குத்தான் இத்தன நீளம் போட்டு வச்சிருக்கான். பின்னாடி ஆளு நிக்காம பாத்துக்க, அது ஒன் வேல."

"உங்க மேலயும் செல்போன் கேஸ் போட்டுட்டா?"

பாலு அண்ணன் சிரித்தார். "எம்.டி. கையிலயே என் போனக் குடுத்துட்டுத்தான் ஏறுவேன். பத்திரமா வச்சிருங்க சாருன்னு."

மனசாட்சி இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. கொஞ்சம் ஓரமாக உட்காரச் சொன்னேன்.

டிசம்பர் 4, வியாழன்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

சாயங்காலம் பந்தல் போட்டாகிவிட்டது. ஏற்றம் தொடங்குகிற இடத்தில், தடத்தை ஒட்டி. சிவப்புக் கம்பளம், நாற்காலிகளுக்கு வெள்ளை உறை. கொ.மே. சுற்றிப் பார்க்க வந்தான். தடத்தோரம் சின்னப்பொண்ணு அக்காவும் ராணியும் மறுநாளைக்குச் சாக்குகளைக் கம்பியில் காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கருத்துப்போன சாக்குகள். அக்கா இடுப்பில் தூக்கிச் சொருகின சேலை.

கொ.மே. என்னைக் கூப்பிட்டான்.

"இதென்னம்மா கண்றாவி? நாளைக்கு எம்.டி. வராரு, ஃபோட்டோகிராஃபர் வராரு. இந்தப் பொம்பளைங்க சாக்கத் தூக்கிட்டு நடந்தா நம்ம கம்பெனிக்கு என்ன மரியாத?"

"காலையில தண்டவாளம்..." என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்தேன் என்பதை இங்கே பதிந்து வைக்கிறேன்.

"நீ பேசாத. நான் சொல்றதக் கேளு. நாளைக்கு ஓட்டம் முடியிற வரைக்கும் அதுங்க ரெண்டும் தடத்துப் பக்கமே வரக்கூடாது. எம்.டி. கண்ணுல படக்கூடாது. அந்தச் சாக்கையும் எடுத்து எங்கயாவது எறி. புரிஞ்சுதா?"

பக்கத்தில் பாலு அண்ணன், பந்தல்காரர், செக்யூரிட்டி. எல்லோரும் கேட்டார்கள்.

இரண்டாவது தடவையும் நான் வாய் திறந்திருக்கலாம். பனி, பசை, எடை, சக்கரம் என்று விளக்கியிருக்கலாம். சம்பளம் வாங்குவது அதற்குத்தான். அரிசி மூட்டை ஞாபகம் வந்தது. அண்ணன் வாயை மறைக்கிற கை ஞாபகம் வந்தது.

"சரிங்க சார்" என்றேன்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். "நாளைக்குக் காலையில உங்கள வரவேணாங்கிறாரு. சம்பளம் உண்டாம்." (சம்பளத்தை நானே கேட்டு வாங்கினேன்.)

"அப்ப தண்டவாளத்த ஆரு தொடைப்பா?"

"யாரும் இல்ல."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு சாக்கை உதறி மடித்தார். "அப்படியா சேதி" என்றார்.

டிசம்பர் 5, வெள்ளி.

பனி. மூன்றாவது நாற்காலி வரிசை தெரியவில்லை. விரலால் தண்டவாளத்தைத் தொட்டுப் பார்த்தேன், தலைக்குத் தேய்க்கிற சீயக்காய் மாதிரி வழுவழு.

இன்ஜினுக்கு ஆளுயர மாலை. சந்தனம், குங்குமம். குருக்கள் குளிரில் மந்திரத்தை வேகமாகச் சொன்னார். எம்.டி. மப்ளரோடு வந்தார், கொட்டாவியை விழுங்கிக்கொண்டே. கொ.மே. பட்டு வேட்டி. பூசணிக்காயைத் தண்டவாளத்தின் மேலேயே போட்டு உடைத்தார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். பாலு அண்ணன் சொன்னபடியே போனை எம்.டி. கையில் கொடுத்துவிட்டு ஏறினார். எம்.டி. குழம்பிப்போய் வாங்கி வைத்துக்கொண்டார். பின்னால் நிலக்கரி வேகன்கள். அவற்றுக்குப் பின்னால் ஆள் இல்லை என்று நான் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

நகர்ந்தது. எலுமிச்சை நசுங்கியது. கைதட்டல். ஒலிபெருக்கியில் நாதஸ்வரம். மாலை போட்ட இன்ஜின் கம்பீரமாக எங்களைக் கடந்து ஏற்றத்தில் ஏறிப் பனிக்குள் போனது.

பிறகு அந்தச் சத்தம். சக்கரம் மட்டும் சுற்றுகிற சத்தம், கிரைண்டரில் கல் மாட்டின மாதிரி. நிற்கும், சுற்றும், நிற்கும். கரிந்த நாற்றம். வழுக்கினால் சக்கரத்தடியில் மண் தூவ ஒரு பெட்டி இருக்கிறது, மண் ஈரத்தில் கட்டியாகிப் போயிருந்தது, விழவில்லை. ஹாரன் விடாமல் அடித்தது.

பனிக்குள்ளிருந்து கடைசி வேகன் முதலில் வெளியே வந்தது. பின்பக்கமாக. பிறகு அடுத்த வேகன். ஒவ்வொன்றாக எங்களைக் கடந்தன. கடைசியில் இன்ஜின், மாலை ஒரு பக்கம் அறுந்து தொங்க, ஜன்னலில் பாலு அண்ணன் நேராகப் பார்த்தபடி. யாரோ பதற்றத்தில் மறுபடி கை தட்டினார்கள். நாதஸ்வரம் நிற்கவில்லை.

சமதளத்தில் தானாக நின்றது. ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

எம்.டி.: "ஏன் திரும்பி வருது?"

கொ.மே.: "பனி சார். எதிர்பாராத பனி."

"டிசம்பர்ல பனி எதிர்பாராததா? பழைய இன்ஜின் இப்ப ஏறுமா?"

பழைய யானையைக் கொண்டு வந்தார்கள். அதே தண்டவாளம், அதே பூசணிக்காய், அதே வேகன்கள். இரண்டு இடத்தில் வழுக்கியது, முனகியது, ஏறிவிட்டது. மாலை கூட இல்லாமல்.

அப்போதுதான் கொ.மே. செய்யக்கூடாத ஒன்றைச் செய்தான். என் பக்கம் திரும்பிக் கத்தினான்.

"ஏம்மா! தண்டவாளத்தத் தொடைக்கச் சொல்லலையா நீ? ஒனக்கெல்லாம் என்னத்துக்குச் சம்பளம்?"

இதற்காக எத்தனை நாள் காத்திருந்தேன். குரல் உயரவே இல்லை.

"நீங்கதான் சார் வேணாம்னீங்க. அந்தப் பொம்பளைங்க எம்.டி. கண்ணுல படக்கூடாது, சாக்க எறின்னீங்க. நேத்து சாயங்காலம், இதே எடத்துல."

"எந்தப் பொம்பளைங்க?" என்றார் எம்.டி.

சொன்னேன். எல்லாம் சொன்னேன். தினமும் துடைப்பது, எடை குறைவு, துடைக்காவிட்டால் இது ஏறாது என்பது. என் அண்ணன் இடித்த அன்றைக்கும் அவர்களைக் கக்கூஸ் கழுவ அனுப்பியது யார் என்பது. பாலு அண்ணன் கீழே இறங்கி வந்து "ஆமாங்க சார்" என்றார். பந்தல்காரர் கூட "நானும் கேட்டங்க" என்றார், அவரை யாருமே கேட்காமல்.

கொ.மே.யின் முகம். அதை விவரிக்க மாட்டேன். எனக்கே எனக்காக வைத்துக்கொள்கிறேன்.

டிசம்பர் 8, திங்கள்.

வெயில். துணி காய்ந்தது.

முடிவுகள் வந்துவிட்டன. அண்ணன் மேல் குற்றமில்லை. வியாழனிலிருந்து வேலைக்கு வரலாம். அம்மாவுக்குப் போன் போட்டேன். "அந்த உதட்டுக்கு எதுனா களிம்பு வாங்கியா" என்றது.

மீதி முடிவுகளைப் படித்தபோது நோட்டைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது.

இன்ஜின் திரும்பப் போகவில்லை. விற்றவர்கள் விலையைக் குறைத்துவிட்டார்களாம். மற்ற இரண்டும் வருகின்றன. துடைத்தால் ஏறுகிறது அல்லவா, அப்படியானால் துடைத்துக்கொண்டே இருங்கள், திருப்பி அனுப்புவதை விட அது மலிவு. எம்.டி.க்குச் சாக்கு வைத்தியம் ரொம்பப் பிடித்துவிட்டதாம். ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால் துடைக்க வேண்டும். சின்னப்பொண்ணு அக்காவுக்கும் ராணிக்கும் மஞ்சள் சட்டை. கூட ஆள் கிடையாது.

கொ.மே. போகவில்லை. ரயில் பிரிவையும் சேர்த்து அவன் கையில் கொடுத்திருக்கிறார்கள். நீ வாங்கினதை நீயே ஓட்டிக் காட்டு என்று. வேகன்களை நேரத்துக்குக் காலி செய்து ரயில்வேக்குத் திருப்பாவிட்டால் கட்டுகிற அபராதம் இனி அவன் கணக்கில்.

அறைக்கு வெளியே அவன் மேற்பார்வையாளரிடம் சொன்னது: "பொம்பளைங்க தொடச்சிக்கிட்டே முன்னாடி போகட்டும், வண்டி பின்னாடியே ஊர்ந்து வரட்டும். டைம் வேஸ்ட் ஆகாதுல்ல."

பிரேக் போட்டால் வழுக்குகிற வண்டி. அதற்கு முன்னால் குனிந்த முதுகோடு இரண்டு பேர்.

பழிவாங்கப் போனேன். அவர்களை இன்ஜினுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன்.

டிசம்பர் 10, புதன்.

அண்ணன் வந்துவிட்டான். கொ.மே. சொன்னதை அவனிடம் சொன்னேன். வேலைக்கே போகமாட்டேன் என்று கத்துவான் என்று நினைத்தேன்.

"நான் போலன்னா வேற எவனாவது ஓட்டுவான். ஊந்து ஊந்து போவான். ஒரு நாளு வழுக்கும்." உதட்டைத் தடவிக்கொண்டான். கையால் மறைக்கவில்லை. "நான்தான் ஓட்டணும்."

"என்ன பண்ணப் போற?"

"ரூல்படி ஓட்டப் போறேன்."

டிசம்பர் 11, வியாழன்.

கனத்த பனி. ஆபீஸ் ஜன்னலிலிருந்து எழுதுகிறேன். கொ.மே.யின் அறை பக்கத்திலேயே, வாக்கி டாக்கி பேசுவது எல்லாம் கேட்கிறது.

நிலக்கரி வண்டி விடிந்ததும் வந்துவிட்டது. அண்ணன் ஏற்றத்தின் அடியில் இன்ஜினை நிறுத்திவிட்டான். தடத்தில் ஆள் இருக்கும்போது வண்டி நகரக் கூடாது, அது ரயில்வேயில் பால பாடம். அக்காவும் ராணியும் துடைத்துக்கொண்டு மேலே போகிறார்கள். மஞ்சள் சட்டை பனியில் நன்றாகத் தெரிகிறது.

"ஏன் நிக்குது?"

"ஆளு தண்டவாளத்துல இருக்காங்க சார்."

"பின்னாடியே மெதுவா போப்பா!"

"எழுதிக் குடுங்க சார், போறேன்."

எழுதிக் கொடுக்க மாட்டான். எழுதினால் கையெழுத்து அவனுடையது, பொறுப்பும்தான்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அக்காவத்தான் கேக்கணும்."

இன்னும் நிற்கிறது. மெயின் லைனிலிருந்து ரயில்வேக்காரர் போன் செய்கிறார், வேகன் எப்போது காலியாகும் என்று. மேலே சூளைக்கு நிலக்கரி கேட்டு இன்னொரு போன். கொ.மே. எழுந்து உட்கார்ந்து எழுந்து, கடைசியில் படியிறங்கி ஓடினான். நானும் நோட்டை மூடிவிட்டுப் பின்னால் போனேன் (மீதி திரும்பி வந்து எழுதியது).

அக்கா ஏற்றத்தின் நடுவில் தண்டவாளத்திலேயே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை மூச்சிரைக்கப் போய் நின்றது.

"அம்மா... கொஞ்சம் சீக்கிரம் முடிக்கக் கூடாதாம்மா?"

அம்மா! என் காதில் விழுந்தது நிஜம்தான்.

"ரெண்டு பேருதான சார் இருக்கோம். முதுவு புடிச்சிக்கிச்சு." அக்கா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பக்கத்தில் கிடந்த சாக்கைக் காலால் நகர்த்தினார். "அவசரம்னா இன்னொண்ணு கெடக்கு பாருங்க."

ராணி சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். கீழே அண்ணன் இன்ஜினின் ஜன்னலில் கை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். போன் மறுபடியும் அடித்தது. கொ.மே. அதை வெளியே எடுத்து, யார் என்று பார்த்து, பேசாமலேயே பையில் போட்டான். சுற்றிலும் பார்த்தான். பனியில் அவன் நினைத்ததை விட நிறைய பேர் நின்றிருந்தோம்.

வேட்டியை மடித்துக் கட்டினான். சாக்கை எடுக்கக் குனிந்தான்.